நடுநிலை

சராயேவோவில், நான்காம் மாடியில்,
ஹீட்டர் பாதி நாள் வேலை செய்யும் அறையில்
முப்பத்தெட்டு லட்சம் பதிவுகளை இறக்கிவைத்தோம்.
நவம்பர் முதல் மார்ச் வரை
ஸெனிட்ஸா நகரம் தன் கைபேசிகளில்
இருமியதெல்லாம்.

ஸ்மாயில் நிரல் எழுதுகிறவன்.
நான் சமூகவியல். அதாவது
எண் வந்தபிறகு
அது ஏன் வந்தது என்று எழுதித் தருகிறவள்.

முதல் சல்லடையில் நகல்கள் போயின.
அடுத்ததில் விளம்பரங்கள், வாடகைக்கு வீடு,
ஒரே நொடியில் எழுபது முறை பேசும்
ஆளில்லாக் கணக்குகள்.
மூன்றாவது சல்லடை மனநிலைக்கு:
கோபம் சிவப்பு, துயரம் நீலம், மகிழ்ச்சி பச்சை.

ஜனவரி ஒன்பது.
காற்றுமானியின் கோடு தாளைவிட்டு வெளியே போன நாள்.
எங்கள் திரை
முழுக்கப் பச்சை.

ஸ்மாயில் தன் நிரலைச் சந்தேகித்தான்.
நான் பிறந்தது அந்த ஊரில்.
திறந்து படித்தேன்.

"ஆகா, என்ன அருமையான காற்று!
ரொட்டியில் தடவிக்கொள்ளலாம்."
"நன்றி ஆலையே, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை,
மூச்சுக்கும் சேர்த்து."
"எங்கள் பூனை இப்போது கறுப்பு. இலவசமாக.
மகிழ்ச்சி!"

வஞ்சப்புகழ்ச்சி.
இலக்கணத்தில் அது ஓர் அணி.
எங்கள் ஊரில் காலை வணக்கம்.
இயந்திரத்துக்கோ நன்றி என்றால் நன்றிதான்.
பாவம், அதை இதுவரை
யாரும் ஏமாற்றியதில்லை.

ஆறாயிரம் வரிகளைக் கையால் பிரித்தோம்.
ஒரே வரிக்கு மோஸ்தார்ப் பெண் பச்சை போட்டாள்,
ஸெனிட்ஸாப் பையன் சிவப்பு.
ஒப்புமைக் கணக்கு: புள்ளி நான்கு ஒன்று.
மனிதர்களும் தேறவில்லை.

என் அண்ணன் செனாஹித்
உருக்குப் பிரிவில் இரவு வேலை பார்க்கிறான்.
அவனுக்கு எந்தக் கணக்கும் இல்லை.
கடலையே அளக்கிறோம் என்று நிதி கேட்டு எழுதினேன்.
அளந்தது அலையை.
அவன் கரையில்கூட இல்லை.

பிறகு 40817.
பெயரை அழித்துவிட்டு நாங்கள் வைத்த எண்.
தினமும் காலையில் ஒரு படம்:
பால்கனி, கொடிக்கயிறு, ஒரே ஒரு வெள்ளை விரிப்பு.
சொல் எதுவும் இல்லை.
"உரை இல்லையெனில் நீக்குக."
விதி என்னுடையது. ஏழு நிமிடத்தில் எழுதியது.

குப்பைத் தொட்டியை ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை.
தொண்ணூற்றியொரு படங்கள்.
நவம்பரில் விரிப்பு வெள்ளை.
டிசம்பரில் பால் குறைந்த காப்பி.
ஜனவரியில், துவைத்த ஈரத்தோடு,
விரல் வைத்துப் பெயர் எழுதலாம்.
பிப்ரவரி மூன்று:
வெறும் கயிறு. இரண்டு கவ்விகள்.
அதன் பிறகு படமே இல்லை.

பின்னணியில் புகைபோக்கி நிற்கும் கோணம் போதும்,
எந்தத் தெரு, எத்தனையாவது மாடி
என்று சொல்லிவிடுவேன்.
ஆனால் அறநெறிப் படிவத்தின் ஆறாம் பத்தி:
'எவரையும் அடையாளம் காண முயல மாட்டோம்.'
கீழே என் கையெழுத்து,
நல்ல நீல மசியில்.

சனிக்கிழமை அண்ணனைப் பார்க்கப் போனேன்.
பேருந்து அந்தத் தெருமுனையில்தான் நிற்கும்.
இறங்கியதும் காலணிக் கயிறு அவிழ்ந்திருந்தது.
குனிந்து கட்டினேன்.
இன்னொரு காலையும் அவிழ்த்துக் கட்டினேன்.
போஸ்னா ஆறு வரைக்கும்
நிமிரவே இல்லை.

விதியை மாற்றச் சொன்னேன்.
"ஒற்றை ஆளுக்காகவா?" என்றான் ஸ்மாயில்.
கெட்டவன் இல்லை.
அன்றிரவு ஒன்பதரை வரை உட்கார்ந்து
அவனே அந்த வரிசையைத் திரும்பச் சேர்த்தான்.

40817. பதிவுகள்: 91. உரை: இல்லை. மனநிலை:
அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
வெறுமையை நிரல் ஏற்காது.
சேமித்துவிட்டுத் திறந்தால்
தானாக ஒரு பூஜ்யம்.

எங்கள் அளவுகோலில்
பூஜ்யம் என்றால்
நடுநிலை.